குதிகாலில் விழுந்த உதை

கீழே விழுந்த பெயின்டர் தன் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. உதைத்தது யார் என்றுதான் திரும்பிப் பார்த்தார்.

பின்னால் இரண்டடி தள்ளி அவருடைய சகலை நின்றுகொண்டிருந்தார், ஒரு காலைத் தூக்கி, குனிந்து, ஷூவைக் கையில் பிடித்தபடி.

"என்ன வேலைய்யா இது?" என்றார் பெயின்டர்.

"ஷூ கழண்டுச்சு சகல, மாட்டிக்கிட்டு இருக்கேன். என்ன ஆச்சு? படார்னு ஒரு சத்தம் கேட்டுச்சே, டயர் வெடிச்சுதா?"

"என் குதிகால்ல ஓங்கி ஒரு உதை விட்டுட்டு டயரான்னா கேக்குற?"

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மாமனார் வீட்டு வாசலில் அவருடைய பழைய வேன் கிளம்ப மறுத்துவிட்டது. மாமனார் ஸ்டியரிங்கில் உட்கார்ந்துகொள்ள, மாப்பிள்ளைகள் இருவரும் பின்னால் நின்று தள்ளினார்கள். மூத்த மாப்பிள்ளை பெயின்டர், வயது நாற்பத்து மூன்று. இளையவர் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், ஐந்து வயது சின்னவர். பத்தடி தூரம் சேர்ந்துதான் தள்ளினார்கள். பிறகு இளையவர் பின்தங்கினார். பெயின்டர் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தம் பிடித்தார். அப்போதுதான் விழுந்தது அந்த உதை.

உதைக்கக் காரணமா இல்லை? போன வாரம் அந்த வேனின் கதவு நசுங்கியிருந்தது. யார் நசுக்கியது என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. பெயின்டர்தான் நசுங்கிய இடத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்து, "மாமா, இது டிரைவிங் ஸ்கூல் காரோட சிவப்பு. பெயின்டைப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்று போட்டுக்கொடுத்தார். அன்றிலிருந்து மாமனார் வேன் சாவியை இளைய மாப்பிள்ளையின் கண்ணில் காட்டுவதில்லை.

பெயின்டரைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மாமியார் காலைத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை, ரத்தம் இல்லை.

"விரலை ஆட்டுங்க மாப்பிள்ளை."

ஆட்டினார்.

"பாதத்தைக் கீழே அழுத்துங்க."

அதுவும் வந்தது, கொஞ்சம் சோம்பலாக.

"எலும்பு முறிஞ்சிருந்தா இப்படி ஆட்ட முடியுமா? சுளுக்குத்தான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார் மாமனார். ஷூ போட்ட சகலை சுவரோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு ஓடியதாகப் பெயின்டர் சத்தியம் செய்யத் தயார். சிரித்தாரா இல்லையா என்பது வேறு விஷயம்.

மறுநாள் கணுக்காலுக்கு இரண்டு பக்கமும் நீலம் பாரித்தது. பெயின்டருக்கு வலியை மீறிய சந்தோஷம்.

"வா, வந்து பாரு! உதைச்ச தடம்!"

அவர் மனைவி பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை செய்பவள். எந்தப் பிள்ளை காய்ச்சல் என்று பொய் சொல்கிறது என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிறவள். குனிந்து பார்த்தாள்.

"பின்னாடி உதைச்சா பின்னாடிதானே நீலமாகணும்? இது ரெண்டு பக்கமும் இருக்கே. ஒரே ஆள் ரெண்டு பக்கமும் உதைச்சாரா?"

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"நீங்களும் பொய் சொல்லல, அவரும் உதைச்ச மாதிரித் தெரியல. எனக்கு ரெண்டு பேர் மேலயும் சந்தேகமாத்தான் இருக்கு."

கட்டின மனைவியே இப்படி. அவளும் தங்கச்சி பக்கம்தான் என்று முடிவுகட்டிக்கொண்டு, நீலத்தைச் செல்போனில் நாலு படம் எடுத்து வைத்துக்கொண்டார் பெயின்டர்.

மூன்றாம் நாள் வேலைக்குப் போனார். பாதத்தை அப்படியே தட்டையாக வைத்து வைத்து நடந்தால் நடக்க முடிந்தது. ஒரு வீட்டு அறையின் உள்கூரைக்கு இரண்டாம் பூச்சு. ஏணி மேல் நின்று மூலைக்குப் பிரஷை நீட்ட, எப்போதும்போல வலது காலில் எம்பினார். குதி எழும்பவில்லை. வலியால் எழும்பாமல் இருந்தால்கூடப் புரிந்திருக்கும். வலியே இல்லை. ஸ்விட்சைப் போட்டும் எரியாத விளக்கு மாதிரி, மனசு சொன்னது, கால் கேட்கவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தார்.

எதிர்ப்புறம் சிவப்புக் கார் நின்றது. கூரையில் டிரைவிங் ஸ்கூல் பலகை. உள்ளே சகலை மட்டும், கற்றுக்கொள்ள வந்த ஆள் யாரும் இல்லை. கண்கொத்திப் பாம்பாக இந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பெயின்டர் ஏணியிலிருந்து இறங்கி, தாங்கித் தாங்கி வாசலுக்கு வருவதற்குள் கார் பறந்துவிட்டது. மறுநாளும் அதே இடத்தில் அதே கார்.

'உதைத்தது போதாதென்று, உதை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கவும் வருகிறான்' என்று நினைத்தார். அன்றிலிருந்து தெருவில் எந்தச் சிவப்பு வண்டி போனாலும் அவருக்கு முதுகு கூசியது.

பத்தாம் நாள் கொழுந்தியாள் அக்காவுக்குப் போன் செய்தாள். "அக்கா, அத்தான் நடிக்கிறாராம். வீட்டுக்காரர் கண்ணால பார்த்தாராம். ஏணி ஏறி இறங்குறாராம்." ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த பெயின்டருக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

"கிளம்பு. எலும்பு டாக்டர்கிட்ட போறோம். உதைதான்னு எழுதி வாங்கி, அவன் மூஞ்சிக்கு நேரா நீட்டுறேன்."

டாக்டரம்மா முதலில் அதிகம் பேசவில்லை. பெயின்டரைக் குப்புறப் படுக்கச் சொன்னார், பாதங்கள் இரண்டும் கட்டிலுக்கு வெளியே தொங்கும்படி. இடது கெண்டைச் சதையைக் கையால் அழுத்திப் பிழிந்தார். இடது பாதம் தானாகவே கீழ்நோக்கி வளைந்தது. வலது சதையைப் பிழிந்தார். பாதம் அசையாமல் கிடந்தது. இன்னொரு தடவை பிழிந்தார். ஊஹூம். குதிக்கு மேலே நாலு விரல் உயரத்தில் விரலை வைத்து அழுத்தியபோது அங்கே ஒரு பள்ளம் இருந்ததைப் பெயின்டரே உணர்ந்தார். மனைவி எட்டிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்த நேரத்துல யாரோ பின்னாலிருந்து உதைச்ச மாதிரி இருந்துச்சா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

பெயின்டர் விருட்டென்று தலையைத் தூக்கினார். வேன் தள்ளும்போது விழுந்தேன் என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்; உதையைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"அவன் இங்க வந்தானா?"

"எவன்?"

"என் சகலை. முந்திக்கிட்டு வந்து உங்ககிட்ட ஏதோ சொல்லி வச்சிருக்கான். இல்லேன்னா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

டாக்டரம்மா முதல் முறையாகச் சிரித்தார். "போன மாசம் ஒருத்தர் பந்து விளையாடுறப்ப இதே மாதிரி ஆகி, பின்னால நின்னவர் சட்டையைப் பிடிச்சிருக்கார். இன்னொரு அம்மா, யாரோ கல்லால அடிச்சாங்கன்னு தெருவெல்லாம் தேடியிருக்காங்க. குதிக்கு மேலே இருக்கிற இந்தத் தசைநாண் அறுந்தா முக்கால்வாசிப் பேர் திரும்பித்தான் பார்ப்பாங்க."

பெயின்டர் எழுந்து உட்கார்ந்தார். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"கெண்டைச் சதை கீழே வர வர ஒரே கயிறா திரண்டு குதியெலும்புல ஒட்டியிருக்கு. உடம்புலயே தடியான நாண் அதுதான். வண்டியைத் தள்ளுறப்ப என்ன ஆகுது? உங்க பாரம் முழுக்கப் பாதத்தோட முன்பக்கத்துல. முட்டி நிமிருது. சதை சுருங்கி மேலே இழுக்குது. வண்டி நகராம நிக்குறதால குதி கீழே போகுது. ஒரே நேரத்துல ரெண்டு பக்கமும் இழுத்தா, எந்த இடம் இத்துப்போயிருக்கோ அங்க அறுந்துரும். இழுத்துக் கட்டின கயிறு அறுந்தா சுண்டி அடிக்கும்ல? அதுதான் உங்களுக்கு உதை, மத்தவங்களுக்குச் சத்தம்."

"அப்புறம் எப்படி நான் பாதத்தை ஆட்டினேன்?"

"கணுக்காலைச் சுத்தி வேற சின்ன நாண்கள் ஓடுது. காத்துல பாதத்தை ஆட்ட அது போதும். ஆனா உங்க உடம்பை அதால தூக்க முடியாது. நீலம் வந்தது உள்ளே கசிஞ்ச ரத்தம், கீழே இறங்கிக் கணுவுல தேங்கியிருக்கு."

கூரை மூலையில் எழும்பாத குதி பெயின்டருக்கு நினைவு வந்தது. ஆனாலும் மனசு விடவில்லை.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்குறேன். உதைச்சாலும் இது அறுந்து போகலாம்ல?"

"போகலாம். நான் அங்க இல்லையே, அவர் உதைக்கலைன்னு எழுதித் தர முடியாது. உதைச்சார்னும் எழுதித் தர முடியாது. கால் சொல்றதைத்தான் நான் சொல்ல முடியும்."

பத்து நாள் தள்ளிப்போட்டதில் அறுந்த முனைகள் விலகிவிட்டன. தைக்க வேண்டும் என்றார்கள். தைத்து, முன்பாதம் கீழே பார்க்கும்படி கட்டுப் போட்டு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்துப் போக வந்தவர் சகலைதான். சிவப்புக் காரின் பின்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்த பெயின்டர், கண்ணாடியில் தெரிந்த அவர் கண்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"நீங்க நடிக்கிறீங்கன்னு நினைச்சேன் சகல" என்றார் சகலை, சிக்னலில் நிறுத்தியபோது. "என்னைக் குற்றவாளியாக்க வேஷம் போடுறீங்க, ஆள் இல்லாதப்ப நல்லா நடப்பீங்கன்னு. அதான் ரெண்டு நாள் காத்துக்கிடந்து பார்த்தேன்."

"என்ன பார்த்த?"

"யாருமே இல்லாதப்பவும் தாங்கித் தாங்கித்தான் நடந்தீங்க. வீட்டுல அதைச் சொல்ல மனசு வரல. மாத்திச் சொல்லிட்டேன்."

பெயின்டர் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்து, கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். பிறகு, "நானும்தான் ஊரெல்லாம் உதை உதைன்னு சொல்லிட்டேன்" என்றார். மன்னிப்பு என்ற சொல் இரண்டு பேர் வாயிலும் வரவில்லை. சிக்னல் மாறியது.

ஐந்தாவது மாதம் பெயின்டர் மாமனார் வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, இடது காலை மடக்கி, வலது காலில் மட்டும் எம்பிப் பழகினார். முதல் வாரம் ஒன்றுகூட வரவில்லை. பிறகு அரை அங்குலம். பிறகு ஒன்று, இரண்டு. எண்ணுகிற வேலை சகலைக்கு.

"எட்டு... ஒன்பது..."

"பத்து ஆச்சுய்யா!"

"குதி சரியா எழும்பலயே சகல. அது சேராது."

"வேணும்னே ஒண்ணு குறைக்கிற."

"வேணும்னா அக்காவைக் கூப்பிட்டு எண்ணச் சொல்லுங்க."

மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "எனக்கு ரெண்டு பேர் கணக்கும் நம்பிக்கையில்ல. முதல்ல இருந்து ஆரம்பிங்க, நான் வர்றேன்."