டிரையாங்கிள் வாசித்தவர்

கீபோர்டுக்காரருக்கு ஒரு பழைய பெருமை உண்டு. வாலிபத்தில் பெரிய ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தவர் என்பது அது. எதை வாசித்தார் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். ஏனென்றால் அவர் வாசித்தது டிரையாங்கிள். முக்கோணமாக வளைத்த ஓர் இரும்புக் கம்பி, அதைத் தட்ட ஒரு சின்னக் குச்சி. ஒரு பாட்டில் இரண்டோ மூன்றோ இடத்தில் டிங் என்று தட்டினால் வேலை முடிந்தது. மீதி நேரம் முழுக்க வெள்ளைச் சட்டையில், இசையில் கரைந்துபோனவர் போல முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த மீதி வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அங்கே பாடியவள் அவருடைய அக்கா. அச்சகத்தின் மேல்மாடியில் ஒத்திகை நடக்கும். கீழே மெஷின் ஓடினால் மேலே மைக் நடுங்கும். ஆர்கெஸ்ட்ராவை நடத்திய மாஸ்டர் காலமானதும் அது கலைந்தது. அக்கா தபால் ஆபீஸ் கவுண்டரில் போய் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவள் அடுப்படியில்கூட முணுமுணுத்து யாரும் கேட்டதில்லை.

இப்போது அவள் மகளுக்குக் கல்யாணம். அந்தப் பெண் நகை கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை. ரிசப்ஷனில் அம்மா ஒரே ஒரு பாட்டு பாட வேண்டும் என்றாள். அம்மாவை மேடையில் அவள் பார்த்ததே இல்லை.

"அந்தப் பழைய ஆர்கெஸ்ட்ரா பின்னாடி வாசிச்சா பாடுறேன்" என்றாள் அக்கா.

முடியாது என்பதை மரியாதையாகச் சொன்ன விதம் அது. மண்டையில் கொஞ்சம் சரக்குள்ள யாருக்கும் புரிந்திருக்கும். கீபோர்டுக்காரர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, அவ்வளவுதானே, ஆர்கெஸ்ட்ராவை நான் கொண்டுவருகிறேன் என்று அக்கா மகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். கடை திறப்பு விழாக்களில் ஒற்றைக் கீபோர்டை வைத்துக்கொண்டு நாதஸ்வரத்திலிருந்து நாய்க்குரைப்பு வரை வாசிக்கிறவருக்கு இது ஒரு பெரிய காரியமா?

பெரிய காரியம்தான் என்று முதல் வாரமே தெரிந்துவிட்டது. புதுக் கீபோர்டு வாங்கினார். பழைய கேசட் ஒன்றைத் தேடிப் பிடித்தார். அதில் ஆர்கெஸ்ட்ராவோடு அக்கா பாடிய ஒரே ஒரு பாட்டு மட்டும், கரகரவென்று இருந்தது. புதுக் கீபோர்டின் வயலின் டோன் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது; அந்தக் கால வயலின்காரர்கள் யாரும் அவ்வளவு சுத்தமாக வாசித்ததில்லை. ஆகவே வயலின்களை ஒவ்வொன்றாகப் பதிந்து, ஒன்றை இழையளவு ஏற்றி இன்னொன்றை இறக்கினார். புல்லாங்குழல்காரர் மேல் சுரத்தில் எப்போதும் கொஞ்சம் இறங்குவார். அதையும் அப்படியே இறக்கினார். கிளாரினெட்டின் கீச்சல், செல்லோக்காரரின் இருமல், நாற்காலி நகரும் சத்தம் எதையும் விடவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டார். வந்தால் தட்டில் தாளம் போடுவார். கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவி, வீட்டில் ஒரு ஆர்கெஸ்ட்ராவே குடியிருக்கிறது, ஒருவராவது காய் நறுக்கக் கூடாதா என்று கேட்டுப் பார்த்து ஓய்ந்துபோனாள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கேசட் அவரைப் படுத்தியது. ஒவ்வொரு சரணத்துக்கு முன்னும் இடையிசை முடிந்து வயலின்கள் நீண்டு நிற்கும். டிங் என்று விழும். அக்கா சரணத்தை எடுப்பாள். கேசட்டில் அந்த டிங் தாளத்துக்குச் சற்றுப் பிந்தி விழுந்தது. பழைய நாடா, இழுத்துக்கொண்டிருக்கும் என்று முடிவு கட்டி, டிங்கை நகர்த்தித் தாளத்தின் தலையிலேயே உட்காரவைத்தார். கச்சிதமாக இருந்தது.

ஒத்திகைக்கு அக்கா வீட்டுக்கு வந்தாள். மனைவியும் கேட்க வந்து உட்கார்ந்தாள். வயலின் எழுந்ததும் அவள் முகம் மாறியதைக் கீபோர்டுக்காரர் கவனித்தார். பல்லவி பாடினாள். குரலில் துரு ஏறியிருந்தது, ஆனாலும் அக்காவின் குரல்தான். இவருக்குத் தலைகால் புரியவில்லை. இடையிசை போயிற்று, டிங் விழுந்தது, அக்கா சரணத்தைத் தப்பாக எடுத்தாள். மறுபடி போட்டார். மறுபடியும் தப்பு. எத்தனை முறை போட்டாலும் அதே இடத்தில் கால் இடறினாள். கடைசியில் மைக்கைக் கீழே வைத்தாள்.

"எனக்கு எல்லாம் போயிடுச்சுடா. எடுக்கிற இடமே தெரியல. பொண்ணுகிட்ட நீயே சொல்லிடு."

கீபோர்டுக்காரர் மெஷினை நிறுத்தினார். போனால் போகட்டும், பழசையாவது ஒரு தடவை கேட்டுவிட்டுப் போ என்று கேசட்டைப் போட்டார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். கேசட்டில் டிங் விழுந்ததும், தன்னையறியாமல், அச்சாக அதே இடத்தில் சரணத்தை எடுத்தாள். மூவருக்கும் அது கேட்டது.

"இதுல சரியா வருதே" என்றாள் மனைவி.

நாடா இழுத்துக்கொண்டதால் டிங் பிந்தி விழுகிறது, அதைக் கேட்டு அக்காவும் பிந்தி எடுக்கிறாள் என்று கீபோர்டுக்காரர் விளக்கத் தொடங்கினார்.

"நாடாவா? மத்ததெல்லாம் நேரத்துக்கு வருது, டிங் மட்டும் இழுத்துக்குமா? அது நாடா இல்லீங்க. நீங்க" என்றாள் மனைவி. தாலி கட்டும் நேரத்துக்கே பிந்தி வந்தவருடன் குடும்பம் நடத்துகிறவள், அவளுக்குத் தெரியாதா?

எல்லாருடைய குறையையும் பத்திரமாகப் பொறுக்கி எடுத்துவைத்த மனிதர், தன்னுடையதை மட்டும் துடைத்துவிட்டு, பழியை ஒரு கேசட் மேல் போட்டிருக்கிறார்.

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். "மாஸ்டர் உன்னை அனுப்பிடறேன்னுதான்டா சொன்னார். நான்தான் விடல. அவன் டிங்கைக் கேட்டுத்தான் மூச்சு எடுப்பேன், அவன் இல்லன்னா நானும் இல்லன்னு சொன்னேன்."

திறமைக்காக வைத்திருந்தார்கள் என்று இத்தனை வருடம் பீற்றிக்கொண்டிருந்தவருக்கு அந்த அடியும் அன்றே விழுந்தது.

டிங்கை மறுபடி தள்ளி வைத்துப் பார்த்தார். கொஞ்சம் தள்ளினால் அவசரம், இன்னும் தள்ளினால் அசடு. அவரைப் போலப் பிந்த மெஷினுக்குத் தெரியவில்லை. கடைசியில் அதை எடுத்துவிட்டு, இவர் கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தும்வரை வயலின்கள் அப்படியே நீண்டு நிற்கும்படி செய்தார். அழுத்தினால் டிங் விழும், மற்றவை தொடரும்.

ரிசப்ஷன் மேடையில் அத்தனை பெட்டிகளையும் வயர்களையும் பரப்பிவிட்டு, ஒற்றை விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா பல்லவியைப் பாடினாள். இடையிசை முடிந்தது, வயலின்கள் நின்றன. விரல் கட்டைமேல் இருந்தது. வேண்டுமென்றே பிந்துவது எப்படி என்று அவருக்குப் புரியவில்லை. பழக்க தோஷத்தில் அக்காவின் தோளைப் பார்த்தார். அவள் மூச்செடுக்கத் தோள் ஏறட்டும், அப்புறம் தட்டலாம் என்று. அப்போதுதான் உறைத்தது. அன்றும் இதைத்தான் செய்தார். அவள் மூச்செடுக்கட்டும் என்று இவரும், இவர் தட்டட்டும் என்று அவளும் காத்திருந்திருக்கிறார்கள், பாட்டுக்குப் பாட்டு, மாஸ்டரின் முறைப்புக்கு நடுவில்.

அக்கா திரும்பி அவரைப் பார்த்தாள். தட்டுடா என்று பார்த்தாள்.

டிங்.

அக்கா சரணத்தை எடுத்தாள். முன்வரிசையில் மணப்பெண், கண் மை கரைவதைப் பற்றிய கவலையே இல்லாமல் அழுதுகொண்டிருந்தாள். கீபோர்டுக்காரருக்கும் கண்ணீர் கண்ணை மறைத்தது. அடுத்த சரணத்துக்கு இன்னும் பிந்தினார். அக்கா அதற்கும் காத்திருந்தாள்.

சாப்பாட்டுப் பந்தியில் மாப்பிள்ளையின் சித்தப்பா தேடி வந்து கை கொடுத்தார். மெஷின் பிரமாதம், அசல் ஆர்கெஸ்ட்ரா மாதிரியே இருந்தது என்றார். பிறகு, குறை சொல்வதாக நினைக்கக் கூடாது என்று குரலைத் தணித்தார்.

"அந்த டிங் சத்தம் மட்டும் கொஞ்சம் லேட்டா வருது. மெஷினைக் கொஞ்சம் பாருங்க."

"அது மெஷின் இல்லீங்க" என்றார் கீபோர்டுக்காரர். "டிரையாங்கிள். நான்தான் வாசிச்சேன்."