ஒரு நிமிடம் பதினோராவது நொடி

உலகத் தமிழர் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: தட்டாஞ்சாவடி லேத் பட்டறைத் தொழிலாளி செம்மல் அவர்கள், மாபெரும் வெற்றிப்படம் ஒன்றின் இரண்டாம் பாகத்தில் நடித்திருக்கிறார். எந்தப் பத்திரிகையும் இதைப் போடாததால் அவரே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டார்.

நடிப்பு என்றால் இவ்வளவுதான். கடற்கரைச் சாலையில் படப்பிடிப்பு நடந்தபோது, வேடிக்கை பார்த்த கூட்டத்திலிருந்து மீசைக்காக அவரைப் பிடித்து, சிவப்புத் தொப்பி மாட்டி, ஒரு பங்களா வாசலில் போலீஸ்காரராக நிறுத்தினார்கள். அவர் நாயகனின் மார்பில் கைவைத்து, "உள்ள போவக் கூடாது" என்றார். நாயகன் அந்தக் கையைக் குனிந்து பார்த்தார். டிரைலரில், ஒரு நிமிடம் பதினோராவது நொடியில், முரசு முழங்க அது வந்தது.

கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் புருஷன் சொன்ன எதையும் கார்குழலி முழுசாக நம்பியதில்லை. சூப்பர்வைசர் ஆகப்போகிறேன் என்றார்; ஆகவில்லை. மனை பார்த்திருக்கிறேன் என்றார். மழை பெய்ததும் அது குளம் என்று தெரிந்தது. இதை நம்பினாள். கண்ணால் பார்த்தாயிற்றே. பொங்கல் சீர் கொண்டுவரும்போதெல்லாம் "ஒன்ன இந்த ஆளுக்குக் குடுத்தது எங்க தப்பும்மா" என்று சொல்லிவிட்டுப் போகும் அண்ணன் பலராமனுக்கு அவளே போன் போட்டாள். முதல் நாள், முதல் காட்சி. சொந்தம் பதினான்கு பேர், ஒரே வரிசை.

சண்டை, பாட்டு, வில்லனின் சாவு எல்லாமே டிரைலரில் வந்துவிட்டதால், பலராமன் ஒவ்வொரு வசனத்தையும் நாயகனுக்கு அரை நொடி முன்பே சொல்லிக்கொண்டிருந்தார். டிரைலரில் வராத இரண்டரை மணி நேரமும் ஏன் வரவில்லை என்பது பார்க்கப் பார்க்கப் புரிந்தது. கடைசியில் நாயகன் கடற்கரைச் சாலையில் காரைவிட்டு இறங்கினார். வரிசையில் பதின்மூன்று போன்கள் உயர்ந்தன. நாயகன் நேராக பங்களாவுக்குள் போனார். வாசலில் யாருமில்லை.

பெருக்குகிறவர்கள் வந்து காலைத் தூக்கச் சொன்ன பிறகுதான் செம்மல் எழுந்தார்.

வெளியே பலராமன் காத்திருந்தார். "இன்னா மாப்ள, வாசல் தொறந்தே கெடந்துச்சு. அன்னிக்கு டூட்டிக்குப் போவலியா?"

"வெட்டிட்டாங்க மச்சான். டிரைலர்ல பாத்தீங்கல்ல."

"டிரைலர்ல எல்லாந்தான் நல்லா இருந்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். கார்குழலி சிரிக்கவில்லை, செம்மலுக்கு அது ஆறுதலாக இருந்தது. உழவர்கரைத் திருப்பத்தில் வண்டியின் பின்னாலிருந்து அவள் கேட்டாள்.

"ஏங்க, அந்த டிரைலர்ல வந்தது நீங்கதானா?"

"நாந்தான். நீயே நூறு தடவ பாத்தியே."

"தொப்பி மறைச்சிருந்துச்சு. மீச ஊர்ல எல்லாருக்குந்தான் இருக்குது."

சாட்சிக்குச் செம்மலிடம் அந்த இரண்டு நொடியைத் தவிர வேறெதுவும் இல்லை.

டிரைலர் வந்த நாளிலிருந்து தினமும் காலையில் கார்குழலி அதைத்தான் ஸ்டேட்டஸில் வைத்துவந்தாள். அன்று சாயங்காலம் மாற்றிவிட்டாள். நாளைக்கு எங்கள் தெருவில் தண்ணீர் வராது என்றிருந்தது.