நாற்பத்தேழு வினாடி

"அண்ணி, நீங்க இல்லாட்டி இந்த ரேடியோ எத்தனை நாள் ஓடும்?"

நாத்தனார் இதைக் கேட்டு மூன்று வருடம் இருக்கும். துணி மடித்துக்கொண்டே, ஒரு பேச்சுக்குக் கேட்டது. தான் எங்கே போய்விடப் போகிறோம் என்ற நினைப்பில் அண்ணியும் சிரித்து மழுப்பிவிட்டாள்.

இப்போது போகத்தான் வேண்டியிருந்தது. வெளியூரில் இருக்கும் மகளுக்கு வயிற்றில் இரட்டைக் குழந்தை. ஆறாம் மாதத்திலேயே படுக்கையை விட்டு எழக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிரசவம் முடிந்து பிள்ளைகளுக்குக் கழுத்து நிற்கும்வரை என்று கணக்குப் போட்டால் அரை வருடத்துக்குக் குறையாது. கிளம்ப மூன்று வாரம் இருந்தது. அதற்குள் ரேடியோவைத் தன் கை இல்லாமல் ஓடும்படி செய்துவிட வேண்டும். முடியவில்லையென்றால் ஒன்று மகள் தனியாகக் கிடக்க வேண்டும், இல்லை ரேடியோ நிற்க வேண்டும்.

ரேடியோ என்றால் கோபுரம், கம்பம் எதுவும் கிடையாது. பின்னறையில் ஒரு மேசை, ஒரு மைக், அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு கம்ப்யூட்டர். அதுதான் சர்வர். மைக்கில் பேசுவதையும் சேர்த்து வைத்த பாட்டுகளையும் அதுதான் இன்டர்நெட் வழியாக வெளியே அனுப்பும். எந்த ஊரிலிருந்தும் ஃபோனில் கேட்கலாம். சாதாரணமாக முந்நூறு பேர் கேட்பார்கள். காலை ஏழு மணிக்கு மட்டும் எண்ணிக்கை எழுநூறைத் தொடும். அவள் கணவர் நேயர்களின் கடிதம் படிக்கும் நேரம் அது.

கணவர் பேருந்து நிலையத்தில் வண்டி புறப்படும் நேரத்தை அறிவிக்கும் வேலையில் இருபது வருடம் இருந்தவர். எதையும் இரண்டு முறை சொல்லும் பழக்கம் அங்கிருந்து ஒட்டிக்கொண்டது. "சாப்பாடு வை, சாப்பாடு வை" என்பார். தெருவில் அவருக்கு 'பஸ் ஸ்டாண்டு' என்றே பெயர். இருபது வருடம் அந்த வேலை அவரை மூச்சு விடாமல் பேச வைத்தது. சொந்த ரேடியோ வந்த பிறகுதான் மனிதர் மூச்சு விட்டார். ஒரு கடிதத்தைப் படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சும்மா இருப்பார். பிறகுதான் பேசுவார். அந்தச் சும்மா இருக்கும் நேரத்துக்காகவே கேட்கிறோம் என்று எழுதுகிறவர்கள் உண்டு.

குரல் அவருடையது, மற்றதெல்லாம் அவளுடையது. முதலில் இதை அமைத்துக் கொடுத்த கம்ப்யூட்டர் கடைக்காரர் இரண்டே மாதத்தில் கடையைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து பதினோரு வருடம் பார்த்து, தொட்டு, கெடுத்து, திருத்திக் கற்றுக்கொண்டது. பழைய பெட்டியின் சுவிட்சைச் சாவி முனையால் அழுத்த வேண்டும். மழை நாளில் பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க் 'கடக் கடக்' என்றால் கவலையில்லை, 'கிறீச்' என்றால்தான் ஓடிவர வேண்டும். இதெல்லாம் அவள் தலைக்குள் மட்டும்தான் இருந்தது.

அதனால் புதுப்பெட்டி வாங்கினாள். கைக்கடக்கமானது, விசிறி இல்லாதது, சத்தமே போடாதது. மாற்றுகிற அன்று அடுத்த வீட்டு டெய்லரிடம் நீளமான மேசையைக் கடன் கேட்கப் போனாள்.

"சர்வரை மாத்தறோம், ஒரு நாளைக்கு மேசை வேணும்."

"ஏன், பழைய ஆளு சம்பளம் ஏத்திக் கேட்டானா?" என்றார் டெய்லர், வாயில் குண்டூசியோடு.

பத்தொன்பதாயிரம் பாட்டுகளும் பதினோரு வருடப் பேச்சும் புதுப்பெட்டிக்குப் போய்ச் சேர முழுப் பகல் ஆனது. போய்ச் சேர்ந்த பிறகு பார்த்தால் தமிழில் இருந்த பாட்டுப் பெயரெல்லாம் கட்டம் கட்டமாக நின்றது. தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். நாத்தனார் மருந்துக்கடை வேலை முடிந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, குறுக்கெழுத்துப் போட்டியா?"

"வாயை மூடிட்டு அந்தப் பக்கம் உக்காரு. நான் பழைய பெட்டில இருக்கறதைப் படிக்கிறேன், நீ சரியா இருக்கான்னு சொல்லு."

நான்கு நாள் மாலை இருவரும் அப்படி உட்கார்ந்து சரிசெய்தார்கள். அடுத்து, மைக்கிலிருந்து வரும் இரைச்சலைத் துடைத்து அனுப்பும் ஒரு சின்னக் கருவியைச் சேர்த்தாள். மின்விசிறிச் சத்தம், தெருச் சத்தம் எதுவும் இனிப் போகாது. குரல் கண்ணாடிபோல் வந்தது. அவளுக்கே உச்சி குளிர்ந்துபோயிற்று.

கடைசியாக ஒரு காவல்காரனை வைத்தாள். அவளே எழுதிய சின்ன நிரல் அது. எங்காவது கோளாறாகி, இருபது வினாடி சத்தம் வரவில்லையென்றால் தானாக விழித்து மேளத்தைத் தட்டி, நிலையத்தின் பெயரை அறிவித்து, பாட்டைத் தொடங்கிவிடும். நேயர்கள் நின்றுபோன ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். அவள் எத்தனை தூரத்தில் இருந்தாலும் கவலையில்லை.

மறுநாள் காலை கணவர் ஒரு கடிதம் படித்தார். ஒரு பெண் எழுதியது. வீட்டுக்காரர் இறந்து நான்கு மாதம் ஆகியும் கை தன்னால் இரண்டு தட்டு எடுத்து வைக்கிறது, இரண்டாவது தட்டைத் திரும்ப உள்ளே வைக்கத்தான் முடியவில்லை என்று எழுதியிருந்தாள். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். எழுநூறு பேர் அவரோடு சேர்ந்து சும்மா இருந்தார்கள்.

டமடம டமடம டம்!

நிலையத்தின் பெயரை ஒரு பெண் குரல் கூவியது. அதன் பின்னால் ஒரு துள்ளல் பாட்டு.

அடுப்படியில் இருந்த அவள் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். அவள் போய்ப் பாட்டை நிறுத்துவதற்குள் ஃபோனில் செய்திகள் குவிந்துவிட்டன. 'துக்கம் விசாரிக்கப் போன இடத்துல விசிலடிச்ச மாதிரி இருந்துச்சு' என்று ஒருவர் போட்டிருந்தார்.

நிகழ்ச்சி முடிந்து கணவர் வெளியே வந்தபோது முகம் கறுத்திருந்தது.

"எனக்குக் கடிவாளம் போட்டுட்டுப் போறியா?"

"உங்களுக்கு இல்லீங்க. சத்தம் நின்னா–"

"நின்னா நிக்கட்டும். அந்தம்மா என்ன நினைச்சிருக்கும்? என்ன நினைச்சிருக்கும்?"

"நான் இல்லாதப்போ நிஜமாவே நின்னா யாரு பார்ப்பா? நீங்க பார்ப்பீங்களா? வாங்க, சொல்லித் தரேன்."

"எனக்கும் அதுக்கும் ஏழாம் பொருத்தம். நான் தொட்டா உள்ளதும் போயிடும்."

"அப்போ நான் என்னதான் பண்ணட்டும்?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். போகாதே என்று சொல்ல வாய் வராமல்தான் இப்படிக் குதிக்கிறார் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? கல்யாணமாகி முப்பது வருடம் ஆகிறது.

மத்தியானம் மகளுக்கு ஃபோன் போட்டு, இரண்டு வாரம் தள்ளி வரட்டுமா என்று இழுத்துப் பார்த்தாள்.

"அம்மா, பிரசவம் எனக்கா, ரேடியோவுக்கா?" என்றாள் மகள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சிரிப்பு பாதியில் நின்று, மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "உங்க மாப்பிள்ளை வேலைக்குப் போனதும் வீட்டுல நானும் சுவரும்தாம்மா."

அவள் தேதியைப் பற்றி அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

இருபது வினாடி போதாது என்றால் எத்தனை போதும்? பழைய ஒலிப்பதிவுகளைத் திறந்து அவருடைய மௌனங்களை அளக்க உட்கார்ந்தாள். திரையில் பேச்சு மேடும் பள்ளமுமாக ஓடியது. மௌனம் வந்த இடங்களில் நேரம் பார்த்து எழுதினாள். பதினெட்டு. இருபத்தாறு. முப்பத்தொன்று. எல்லாவற்றிலும் நீளமானது நாற்பத்தேழு. மகள் கல்யாணமாகிப் போன மறுநாள் காலையில் வந்தது. அதை அன்று அவள் கவனிக்கவில்லை. அன்றைக்கு அவள் கவனித்தது டிஸ்க்கில் மீதி இடம் எவ்வளவு என்பதைத்தான்.

ஒரு நிமிடம் என்று வைத்துவிடலாமா? வைத்தால், நாளைக்கே இவர் அறுபத்தைந்து வினாடி உட்கார்ந்தால்?

யோசித்துக்கொண்டே அந்த நாற்பத்தேழு வினாடியைத் திரையில் பெரிதாக்கினாள். கோடு நேராக இல்லை. மெல்லிய நடுக்கம் இருந்தது. காதுக்கருவியை மாட்டிக்கொண்டு, சத்தத்தை முழுக்க ஏற்றிக் கேட்டாள். விசிறி சுற்றியது. நாற்காலி ஒருமுறை முனகியது. கண்ணாடியின் காதை மடக்கும் சின்னச் சொடுக்கு. நடுவில் அவர் மூச்சு, உள்ளே, வெளியே, உள்ளே.

பிறகு அன்று காலை மேளம் அடித்த இடத்தை எடுத்துப் பெரிதாக்கினாள். கோடு அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல் இருந்தது. விசிறி இல்லை, மூச்சு இல்லை. இரைச்சல் துடைக்கும் கருவி அவர் மூச்சையும் சேர்த்துத் துடைத்துவிட்டிருந்தது. காவல்காரன்மேல் என்ன தப்பு? அறுந்த கம்பிக்கும் உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கும் வித்தியாசம் தெரியாமல் செய்தது அவளேதான். அதுவும் காசு கொடுத்து வாங்கி வந்து.

கருவியைக் கழற்றி அதன் அட்டைப்பெட்டிக்குள்ளேயே போட்டாள். சின்ன மூச்சு கேட்டாலும் காவல்காரன் தூங்க வேண்டும், துளிச் சத்தம்கூட இல்லையென்றால் பத்து வினாடியிலேயே விழிக்க வேண்டும் என்று மாற்றினாள். மேளத்தை எடுத்துவிட்டு ஒரு மெல்லிய புல்லாங்குழலை வைத்தாள்.

அன்று மாலை கணவர் வந்ததும் காதுக்கருவியை அவர் காதில் மாட்டி அந்த நாற்பத்தேழு வினாடியைப் போட்டாள்.

"என்ன, ஒண்ணும் கேக்கலையே."

"நல்லாக் கேளுங்க."

கேட்டார். முடிந்ததும் இன்னொரு முறை போடச் சொன்னார். "மூச்சு வாங்குது எனக்கு. வயசாயிடுச்சு, வயசாயிடுச்சு" என்று சொல்லிவிட்டுக் காதுக்கருவியைக் கழற்றி, அவள் தோளில் லேசாகத் தட்டினார். ஆனாலும் பெட்டியைத் தொட மட்டும் வரவில்லை. அவள் விளக்கினால், "சரி, சரி" என்று ஜன்னலைப் பார்த்தார்.

கிளம்பும் நாள் வந்தது. வாசலுக்கு வாடகை வண்டி ஏழரைக்கு வரும். அதாவது நிகழ்ச்சியின் நட்ட நடுவில். நாத்தனார் அவள் பெட்டியைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தாள். பின்னறைக் கதவின் மேல் பாதி கண்ணாடி. மைக் திறந்திருந்தால் அதன் மேலே இரண்டு பக்கமும் தெரியும்படி சிவப்பு விளக்கு எரியும். எரிந்தால் வீட்டில் எல்லோரும் ஊமைதான். நாத்தனார் ஒருமுறை தும்மியதற்கு எங்கோ கடல் தாண்டி இருந்த நேயர் ஒருவர் கஷாயக் குறிப்பு எழுதி அனுப்பியிருந்தார்.

ஏழு இருபதுக்கு அவர் இரண்டாவது கடிதத்தை எடுத்தார். கையைத் தூக்கிப் பக்கத்தைத் திருப்பியபோது முழங்கை மைக் கம்பியில் மாட்டி அதைக் கழற்றிவிட்டது. அவருக்குத் தெரியவில்லை. படித்துக்கொண்டே போனார். பத்து வினாடி கழித்துக் காவல்காரன் விழித்தான், சிவப்பு விளக்கு அணைந்தது. கூடத்தில் இருந்த ஃபோனில் புல்லாங்குழல் வந்தது.

அவர் நிமிர்ந்தார். விளக்கைப் பார்த்தார். கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார்.

விளக்கு அணைந்திருக்கும்போது பேசலாம். 'கீழே பாருங்க' என்ற இரண்டே வார்த்தை போதும். அவள் வாய்வரைக்கும் வந்துவிட்டது.

"சொல்லுங்க அண்ணி" என்று நாத்தனார் கிசுகிசுத்தாள். "பாவம், முழிக்கறார்."

அவள் நாத்தனாரின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். தன் கால் முன்னால் போகாமல் இருக்கத்தான் அந்தப் பிடி. வண்டிக்காரர் முன்னதாகவே வந்து வாசலில் ஒருமுறை ஹாரன் அடித்தார்.

அவர் மைக்கைத் தட்டினார். பெட்டியை எட்ட நின்று, கடிக்கும் நாயைப் பார்ப்பதுபோல் பார்த்தார். மேசையின் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு முனகிக்கொண்டே குனிந்தார். மேசைக்கடியில் தலை போய்விட்டது. நிமிரும்போது மண்டையை இடித்துக்கொண்டார். கையில் கம்பியின் முனை இருந்தது. அதை ஒரு துளையில் வைத்துப் பார்த்தார், போகவில்லை. அடுத்ததில் வைத்தார், போனது. விரலை நீட்டி, பின்னால் இழுத்து, மறுபடி நீட்டி மைக் பொத்தானை அழுத்தினார்.

விளக்கு சிவப்பாயிற்று.

"மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்றது கூடத்து ஃபோன். "கம்பி கழண்டுடுச்சு. நான்தான் மாட்டினேன். நானேதான் மாட்டினேன்."

நாத்தனார் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். எழுநூறு பேருக்கு அதில் என்ன பெருமை என்று புரிந்திருக்காது.

அவர் கடிதத்தை விட்ட இடத்திலிருந்து படித்தார். முடித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு நிமிர்ந்து, கதவுக் கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். காவல்காரன் தூங்கினான். ஃபோனைக் காதருகே வைத்தால் விசிறி சுற்றுவதும் மூச்சும் கேட்டன.

அவள் எண்ணவில்லை. நாத்தனாரின் கையை விட்டாள். பெட்டியின் சக்கரம் தரையில் உருண்டால் சத்தம் வரும் என்று அதைத் தூக்கிக்கொண்டாள். வாசல் தாழ்ப்பாளை ஒரு விரலால் தாங்கி மெல்ல விலக்கினாள். ஒரு வார்த்தை பேசாமல் வெளியே இறங்கி, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.