கைநாட்டுக்கு மேலே

முதல் தாள்

எழுத வேண்டிய ஒன்றை எழுதாமல் தட்டிக்கழிப்பதற்காக எழுதுகிற கதை இது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏமாந்துபோனோம் என்று பிறகு யாரும் என்னிடம் வரக் கூடாது.

தொடக்கம் ஒன்று: ‘வசந்தகாலக் காலையொன்றில் யசோதா கடலைக் கனவு கண்டாள்.’ பொய். புத்தூர்ப் பக்கத்து வெயிலுக்கு வசந்தம் தெரியாது. அவள் கடலைப் பார்த்ததும் இல்லை.

தொடக்கம் இரண்டு: ‘அந்த ஊரின் முதல் பட்டதாரியான யசோதா, ஏழை எளியவர்களின்—’ இதை மேலே கொண்டுபோனால் எனக்கே குமட்டும்.

மூன்று: யசோதா பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். இது உண்மை. இதிலிருந்து போகலாம்.

திருப்பதியில் ஒரு மாதர் சங்கம் பட்டதாரிப் பெண்கள் ஆறு பேரை உலகம் சுற்ற அனுப்புகிறது. மதராஸில் கப்பல் ஏறி, கொழும்பு, ஏடன், லண்டன், நியூயார்க், டோக்கியோ என்று பதினோரு மாதம். ஆறில் ஒருத்தி யசோதா. அம்மை ஊசி போட்ட கை வீங்கியிருந்தது. சங்கத் தலைவி இரவல் கொடுத்த கம்பளிக் கோட்டு கொடியில் தொங்கியது. அதன் பூச்சியுருண்டை வாசனை தெருக்கோடி வரை அடித்தது.

பக்கத்து வீட்டுச் சென்னம்மா கோட்டைத் தடவிப் பார்த்தாள்.

“இன்னாமே இது? செம்மறியாட்ட முழுசா உரிச்சி மாட்டிக்கினு போறியா?”

“குளிருக்கு, அத்தே.”

“உலகம் உருண்டைன்றாங்களே. சுத்திக்கினு வந்து இங்கதான நிப்ப? அதுக்கு இங்கியே குந்திக்கினு இருந்தா ஆவாதா?”

யசோதா நைனா என்று கூப்பிடுகிற அவள் தகப்பன் அப்பாவு சிரித்தார். “அது திரும்பி வரசொல்லோ ஊரு எந்தப் பக்கம் கெடக்குதோ, மொதல்ல அதப் பாரு.”

(வெளியூர் வாசகருக்கு: வருஷம் ஐம்பத்தேழு. எங்கள் ஊர் ஆந்திராவில் இருக்கிறது. அங்கேயே இருப்பதா, மதராஸோடு சேர்வதா என்று விசாரிக்க எல்லை அதிகாரி சித்தூரில் வந்து உட்கார்ந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை அர்ஜி, அதாவது மனு, வாங்குவார்.)

இரண்டாம் தாள்

சென்னம்மாவை வைத்துக்கொண்டு எனக்குச் சரிப்பட்டு வரவில்லை. அவளைக் கொஞ்சம் பேராசைக்காரியாக எழுதினால் யசோதாவுக்குச் சௌகரியம். முயன்று பார்த்தேன். ‘சென்னம்மாவின் கண்ணில் ஒரு தந்திரம்—’ இல்லை. அவள் கண்ணில் இருந்தது புரை.

நடந்தது இவ்வளவுதான். ஏரி மதகில் ஒரு நோட்டீசு ஒட்டினார்கள். தண்ணீர் முறை மாறுகிறது என்று தெலுங்கில் போட்டிருந்தது. எங்கள் தெருவில் தெலுங்கு பேச எல்லோருக்கும் வரும், படிக்க யசோதா ஒருத்திக்குத்தான் வரும். அவள் அன்றைக்குத் திருப்பதியில், தலைவி வீட்டு மேசையில், முள்கரண்டி பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தாள். சென்னம்மாவின் முறை போய்விட்டது. பால் பிடிக்கிற நேரத்தில் நெல் காய்ந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை சென்னம்மா நாலு வெள்ளைத் தாளோடு வந்தாள். ஒவ்வொன்றின் அடியிலும் வெவ்வேறு பதினோரு பேரின் கைநாட்டு. கரும்பு வெட்டப் போனவர்களை வழியில் மறித்து வாங்கியது.

“ஒண்ணும் எழுதாமயே கைநாட்டு வாங்கினியா அத்தே?”

“எழுதினா மட்டும் நாங்க படிக்கப் போறமா? தண்ணி போன கதைய எழுது. எங்க பேச்சுல எங்ககிட்ட சொல்லுங்கன்னு எழுது. மேல இன்னா வோணும்னாலும் எழுதிக்கோ. உன்ன நம்பாமயா?”

பிறகு நாலாவது தாளின் அடியில் விரலை வைத்தாள். “உங்க நைனாவுக்குப் பக்கத்துல எடம் உட்டிருக்குது பாரு. அது உனுக்கு. நீ கையெழுத்தே போடுவ. மசில வெரல முக்க வாணாம்.”

யசோதா எழுதவில்லை. திங்கள், செவ்வாய், புதன். ஊசி போட்ட கை வலிக்கிறது என்றாள்.

ஊசி போட்டது இடது கையில்.

மூன்றாம் தாள்

இனிமேல் ‘அவள்’ என்று எழுதினால் பேனா நகராது. நான்.

மாதர் சங்கத்து நேர்முகத்தில் தலைவி தாய்மொழி எது என்று கேட்டார். “தெலுகேனண்டி” என்றேன். என் கழுத்தை யாரும் பிடிக்கவில்லை. தமிழ் என்று சொல்லியிருந்தாலும் எடுத்திருப்பார்களோ என்னவோ. அப்பா என்ன செய்கிறார் என்று தெலுங்கிலேயே கேட்டார். “மா நைனா” என்று ஆரம்பித்தேன். அவர் முகம் மலர்ந்தது. நைனா என்ற சொல் எல்லைக்கு இரண்டு பக்கமும் செல்லுபடியாகும். என் தகப்பனைக் கூப்பிடுகிற சொல்லை நுழைவுச் சீட்டாகக் காட்டி உள்ளே போனேன்.

தலைவியின் கணவர் வக்கீல். எல்லை விசாரணையில் ஆந்திராவின் தரப்பில் நிற்கிறவர். வருகிற அர்ஜி ஒவ்வொன்றையும் படித்து மறுப்பு எழுதுகிறவர். என் கையெழுத்து அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ‘எங்கள் தாய்மொழி தமிழ்’ என்று அதே கையெழுத்தில் போனால் கப்பலில் ஐந்து பேர்தான் ஏறுவார்கள்.

நாலு நாளாக எல்லோர்மேலும் கோபம். நோட்டீசு ஒட்டியவன்மேல். முள்கரண்டிமேல். சென்னம்மாமேல்கூட: வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்கிவரச் சொல்லி யார் அழுதார்கள்? (இந்த வரியை அடிக்க நினைத்தேன். கிடக்கட்டும். நான் இப்படித்தான் இருந்தேன்.)

இன்றைக்கு வியாழன். நாளைக் காலை மதராஸுக்கு ரயில். விடிந்ததும் அர்ஜி எழுதத்தான் உட்கார்ந்தேன், சத்தியமாக. பேனா யசோதாவிடம் ஓடிவிட்டது. காகிதம் எடுக்க நான் வேறெங்கும் போகவில்லை. முதல் தாளின் அடியில் சென்னம்மாவின் ரேகை இருக்கிறது, அவள் செம்மறியாட்டுக் கேலிக்கு மூன்று விரற்கடை கீழே. இதுவரை நீங்கள் படித்தது முப்பத்துமூன்று பேருடைய அர்ஜி.

நாலாம் தாள்

கனம் எல்லை அதிகாரி அவர்கள் சமூகத்துக்கு, கீழே கைநாட்டு வைத்திருக்கும் நாங்கள்—

நாங்கள். அந்தச் சொல்லில் நிற்கிறேன்.

ஒரு முடிவு: ரயிலேறுகிறாள், ஏடனில் அழுகிறாள். இன்னொரு முடிவு: எழுதிக் கொடுக்கிறாள், கப்பல் போய்விடுகிறது, ஊர் மாலை போடுகிறது. இரண்டும் என்னை மன்னித்துவிடுகின்றன. இரண்டும் வேண்டாம்.

இப்போதுதான் நைனா உள்ளே வந்தார். துவைத்த சட்டை. மூன்று தாளையும் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏயப்பா! மூணு தாளு ரொம்பிப்போச்சே! பதினோரு மணி பஸ்ஸுக்கு நானே சித்தூருக்கு எடுத்துக்கினு போறேன். தண்ணி போன கதைய எழுதினியாமா?”

“எழுதியிருக்குது நைனா.”

“எல்லாம் நம்மளப் பத்திதான?”

“நம்மளப் பத்திதான்.”

மூன்றையும் மடித்துத் துண்டுக்குள் வைத்துக்கொண்டார். நாலாவதுக்காக வாசற்படியில் நிற்கிறார். அதன்மேல்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். இடம் தீர்ந்துகொண்டு வருகிறது.

முடிவு நீங்கள் எங்கே உட்கார்ந்து படிக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. இதைப் பத்திரிகையில் அச்சாகப் படிக்கிறீர்கள் என்றால், பஸ் வருவதற்குள் அவர் துண்டிலிருந்து பிடுங்கிவிட்டேன். நான் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்குத் தெரியும். அச்சில் ரேகை வராது. அதுவும் எனக்குச் சௌகரியம்தான்.

சித்தூரில், பக்கத்தில் ஒரு வக்கீலோடு, கையெழுத்தில் படிக்கிறீர்கள் என்றால், ஐயா, இரண்டாம் தாளை இன்னொரு தடவை படியுங்கள். கேட்க வந்தது அதுதான். பிறகு இந்தத் தாளின் அடியில் பாருங்கள். அப்பாவுவின் பெருவிரல் ரேகைக்குப் பக்கத்து இடம் வெள்ளையாகவா இருக்கிறது?