சாவியைக் கொடுத்த பிறகும்

புதுவாயலில் பழைய கார் விற்கும் கடை. லோன் மேசையில் இருந்த சத்யா, கணினித் திரையை நாகமுத்து பக்கம் திருப்பினாள். அவனுக்குச் சிவப்பாக ஒரு கோடு மட்டும்தான் தெரிந்தது.

"லோன் வராதுண்ணா. பழைய மீன் வண்டிக் கடன் இன்னும் நிக்குது."

"இன்னாமா பேசற? ட்யூ கட்டலன்னு அந்த வண்டிய அப்பவே தூக்கினு போய்ட்டாங்களே. வண்டியே இல்ல, கடன் மட்டும் எப்டி நிக்கும்?"

வெளியே அவன் பார்த்து வைத்த வெள்ளை கார் நின்றது. பொன்னேரி ஸ்டேஷனிலிருந்து கும்மிடிப்பூண்டி கம்பெனிக்கு ஆட்களை ஏற்றிப் போகும் வேலை. திங்கட்கிழமை காரோடு வந்தால் உனக்கு, இல்லாவிட்டால் அடுத்தவனுக்கு என்று காண்ட்ராக்டர் சொல்லியிருந்தார்.

நாகமுத்து பழவேற்காடு ஏரியில் வலை வீசி வளர்ந்தவன். அவன் குப்பத்தில் மீன் வியாபாரியிடம் கடன் வாங்கித்தான் படகு வாங்குவார்கள். கட்ட முடியாமல் போனால், நாலு பேர் பார்க்கப் படகின் கயிற்றை அவிழ்த்து வியாபாரி கையில் கொடுத்துவிடுவார்கள். அத்தோடு சரி, அப்புறம் கேள்வியே கிடையாது. வண்டியைத் தூக்க ஆட்கள் வந்த அன்றும் அவன் அப்படித்தான் சாவியை இரண்டு கையாலும் நீட்டினான்.

"வந்தவனுங்களுக்கு டீ வேற வாங்கிக் குடுத்துச்சு இது," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி அங்காளம்மாள். "ஒர்த்தன் தேங்க்ஸ் சொன்னான். அதுல இதுக்கு ஒரே பெருமை."

சத்யாவுக்கு விளக்குவதென்றால் தனி உற்சாகம். ஒரு ஸ்கேலை எடுத்து மேசையில் வைத்தாள். "இது மொத்தக் கடன். வண்டிய ஏலத்துல வித்த பணம் இவ்ளோ." உள்ளங்கையால் மூடினாள். ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "இது உங்க பேர்ல நிக்குதுண்ணா. எந்த பேங்க் பாத்தாலும் இது தெரியும்."

"வண்டிய வாங்கினவன்தான அத்த கட்டணும்?"

"அவரு வண்டியத்தான் வாங்கினாரு. கடன இல்ல."

"எம்பேர்ல போடு கண்ணு," என்றாள் அங்காளம்மாள்.

சத்யா தட்டினாள். அதே சிவப்பு. "பழைய லோனுக்கு நீங்கதான் ஜாமீனாக்கா?"

"இது காட்ன எடத்துல கையெழுத்து போட்டேன்," என்று புருஷனைக் காட்டினாள்.

நாகமுத்து வாசல் பக்கம் கை காட்டினான். "ரோட்டுக்கு அந்தாண்ட ஒர்த்தர் எதையும் பாக்காம தராராமே?"

"தருவாரு. வட்டி ஒடம்ப முறிச்சிடும். ட்யூ தவறினா இந்த வண்டியும் போவும். இன்னொரு ஸ்கேல் இதே மாதிரி நீட்டிக்கினு நிக்கும்."

காருக்கு அட்வான்ஸ் கட்டக் கொண்டுவந்த பையை அவன் இறுக்கிப் பிடித்தான். "சரி, இன்னா குடுத்தா முடியும்? அத்த சொல்லு."

"பாக்கிய கட்டுங்க. ஆனா குடுத்ததும் முடியாதுண்ணா. பாக்கி இல்லன்னு அவங்க லெட்டர் குடுக்கணும். அத்த வாங்கினாத்தான் முடியும். அதுக்கப்புறமும் கொஞ்ச மாசம் பொறுக்கணும்."

கொடுத்தால் முடியாது, வாங்கினால்தான் முடியும். நாகமுத்து அதை மனசுக்குள் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். பிடிபடவில்லை. இருந்தாலும் போனை எடுத்துக் காண்ட்ராக்டரைக் கூப்பிட்டான். "சார், காரு அமையல. வேற ஆள வெச்சிக்கோங்க."

வெள்ளை காரைத் தாண்டி இருவரும் பஸ்ஸுக்கு நடந்தார்கள். மீன் வண்டிக்குக் கடன் கொடுத்த ஃபைனான்ஸ் ஆபீஸ் கும்மிடிப்பூண்டியில் இருந்தது.

"நாலு பேர கூட்டினு போலாமா?" என்றான் தயங்கியபடி.

"யாரும் வாணாம். லெட்டர் கைக்கு வர்றதுக்குள்ள அங்க எவனுக்காச்சும் டீ வாங்கிக் குடுத்த, அவ்ளோதான்."