ரோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே ஃபைல்

"பாட்டில்ல எழுதுனா பழைய மார்க்கர் அழியுது, புதுசு ஒண்ணு வாங்கி வையுங்க" என்றாள் என் மனைவி பிரிசில்லா. ஒயர் கூடையில் தண்ணீர் பிடிக்கும் பாட்டில்களை அடுக்கி வண்டியில் மாட்டினாள். ஹெல்மெட் பட்டையைப் போட்டுக்கொண்டே, "மீன் வாங்கினா அப்படியே வையுங்க. நீங்க கழுவி நாசம் பண்ணாதீங்க" என்றாள். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் ஒரு லாரி. அதற்கு மேல் அதை எழுத எனக்கு வரவில்லை.

சிதம்பரத்தில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் அவளுக்கு வேலை. கடலோர ஊர்களில் கைபம்பு, டேங்க், கிணறு என்று போய்த் தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று அளந்து பதிவு செய்வாள். பல வருட அளவுகளும் ஒரே ஃபைலில் கிடந்தன. அவளுடைய லேப்டாப்பில் அதைத் திறந்தால் உள்ளே விசிறி இரையும், திரை வெளுத்துப்போகும்.

மேலக்கொல்லை காலனிக்கு அவள் ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். ஆகஸ்ட் பதினைந்து கிராம சபைக்குள் அவர்களுடைய தண்ணீர்க் கணக்கைத் தனி ஃபைலாகத் தருவதாக. ஊர்ப்பக்கம் டேங்க் தண்ணீர் போகிறது; ரோட்டைத் தாண்டிக் காலனிக்கு இன்னும் பைப் வரவில்லை. வாயால் சொன்னால் யாரும் கேட்பதில்லை, தாளில் இருந்தால் கேட்டாக வேண்டும் என்பாள். நான் நூலகத்தில் வேலை பார்ப்பவன். கம்ப்யூட்டரில் புத்தகப் பதிவு தவிர வேறு தெரியாது. அவள் தம்பி சார்லஸைக் கூப்பிட்டேன்.

சார்லஸ் பத்துப் பன்னிரண்டு வரியில் ஒரு ஸ்க்ரிப்ட் எழுதினான். ஓட விட்டதும் ஃபோல்டரில் ஊருக்கு ஒன்றாக ஃபைல்கள் மளமளவென்று வந்து விழுந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் சராசரி.

"இவ்ளோதான் மாமா. இதுக்குப் போயி ஒரு மாசமா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு இருந்தீங்க."

மேலக்கொல்லை ஃபைலைத் திறந்தேன். சராசரி அப்படியொன்றும் மோசமில்லை. இந்தத் தாளைக் கிராம சபையில் நீட்டினால், நல்லாத்தானே இருக்கு, குடிங்க என்று அனுப்பிவிடுவார்கள்.

"மச்சான், இதுல ஊரும் காலனியும் ஒண்ணா கெடக்குது."

"அரசாங்கக் கணக்குல ரெண்டும் ஒரே கிராமம் மாமா. ஸ்க்ரிப்ட் இன்னா பண்ணும்?"

குடியிருப்பு என்று ஒரு பத்தி இருந்தது. மேலிருந்து கீழே வரை காலி. ஊர், காலனி என்று எழுத அவளுக்குப் பிடிக்காது. காட்டுமன்னார்கோயில் பக்கம் ஒரு காலனியில் பிறந்தவள். "எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியும், பிரிக்கும்போது போட்டுக்கறேன்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. செத்துப்போனவள் மேல் கோபப்பட்டு என்ன செய்வது? லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து போனேன்.

அடுத்த ஞாயிறு சார்லஸ் மறுபடி வந்தான். இடத்தின் பெயரை வைத்துப் பிரித்துப் பார்த்தான். பம்ப், டேங்க், பம்ப் என்றே இருந்தது; இரண்டு பக்கமும் பம்பு உண்டு. லொகேஷனை வைத்துப் பார்த்தான். எல்லா அளவும் பஞ்சாயத்து ஆபீசின் மேலேயே குவிந்து நின்றது; கிராமத்துக்கு ஒரே புள்ளிதான் பதிவாகியிருந்தது. ஒரு தடவை எதையோ மாற்றி ஓட்ட, ஒரு வரிக்கு ஒரு ஃபைல் என்று ஆயிரக்கணக்கில் கொட்டி லேப்டாப் அப்படியே நின்றுபோனது.

"பேசாம உப்பு ஜாஸ்தி இருக்கறத எல்லாம் காலனின்னு போட்டுடலாம் மாமா. யாருக்குத் தெரியப்போவுது?"

"உப்பா இருக்கறதால காலனின்னு பிரிச்சிட்டு, காலனியில உப்பா இருக்குன்னு போய்ச் சொன்னா சிரிக்க மாட்டாங்களா?"

"அப்ப அக்காவத்தான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு, அவனே தலையைக் குனிந்துகொண்டான்.

பிரித்த கணக்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்க அவளுடைய சிதம்பரம் அலுவலகத்துக்குப் போனேன். மேலாளர் கலியமூர்த்தி நல்ல மனிதர்தான். ஆனால் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"ரெவின்யூ கிராமம் ஒண்ணுதானே சார். எதுக்கு ரெண்டாப் பிரிக்கணும்? நாமளே ஜாதி பாக்கறோம்னு கெளப்பிவுட்டுடுவாங்க."

"பைப்பு பிரிச்சித்தானே சார் போட்டாங்க?"

அவர் எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டார். பஸ் ஏறினேன். புவனகிரியில் கூட்டம் இறங்கியது. பக்கத்துச் சீட்டில் ஒரு பெண் போனில், "டீ குடிச்சிக்கினு இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று யாருக்கோ பொய் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேலக்கொல்லைக்குப் போகும் நாளில் பிரிசில்லா தவறாமல் எனக்குப் போன் செய்வாள். "செல்லாயி அக்கா வீட்டுல டீ. இந்தப் பக்கம் முடிஞ்சிடுச்சி, இனி ரோட்டத் தாண்டணும்." அதிகாரிகள் எல்லாரும் முதலில் ஊருக்குள் போய், நேரம் மிச்சமிருந்தால் காலனிக்கு வருவார்கள். அவள் வேண்டுமென்றே மாற்றிச் செய்வாள். காலனி முதலில், பிறகு டீ, பிறகு ஊர்.

வீட்டுக்கு வந்ததும் சார்லஸிடம் டீ விஷயத்தைச் சொன்னேன். "நேரம்னு ஒரு பத்தி இருக்குல்ல? ஒரு நாள்ல எங்க பெரிய இடைவெளி இருக்குன்னு பாரு. அங்க வெட்டு."

"டேட்டாவ டீயில பிரிக்கச் சொல்ற மொத ஆளு நீங்கதான் மாமா" என்றான். ஆனால் செய்தான். ஒவ்வொரு தேதியிலும் அந்த இடைவெளி இருந்தது. அதற்கு முன்னால் இருந்த அளவுகள் எல்லாம் ஏறக்குறைய நாக்கில் வைக்க முடியாத உப்பு. பின்னால் நல்ல தண்ணீர். அந்த இடைவெளிகளில் அவள் என்னோடு பேசிக்கொண்டிருந்தாள் என்று நான் அவனிடம் சொல்லவில்லை.

செல்லாயிக்குப் போன் போட்டுக் கேட்டோம். "பாப்பா என்னிக்கும் எங்க பக்கந்தான் மொதல்ல வரும் தம்பி. டீயக் குடிச்சிட்டுத்தான் ரோட்டத் தாண்டும்" என்றார். மற்ற ஊர்களிலும் இடைவெளி இருந்தது. அங்கெல்லாம் யார் வீட்டில் டீ என்று தெரியவில்லை. இன்னும் ஒவ்வொரு ஊராகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். பல ஊரில் யாரும் போனை எடுப்பதே இல்லை.

கிராம சபையில் தலைவர் தாளைப் புரட்டிவிட்டு, "இது நம்மூருதானா?" என்றார். "அதான் பாப்பா வந்து அளந்துச்சே, நீங்கதான் வரல" என்றார் செல்லாயி. தீர்மானத்தில் காலனிக்குக் குடிநீர் பைப் என்று எழுதி முடிக்கும் வரை செல்லாயி மேசையைவிட்டு நகரவில்லை. எழுதினார்கள். எப்போது வரும் என்று தேதி மட்டும் போடவில்லை.

திரும்பும்போது செல்லாயி வீட்டுக்கு அழைத்துப் போனார். டீ டம்ளரைக் கையில் கொடுத்தார்.

"பாலு வாங்கி வெச்சிருந்தேன் தம்பி. இந்தத் தண்ணியில ஊத்துனா திரிஞ்சிபூடுது. பாப்பாவுக்கும் இதான்."

வாங்கிக் குடித்தேன். பால் இல்லாத டீ. லேசாக உப்புக் கரித்தது.