குலாப் மை

மஜீது அந்த மைக்குப்பியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தபோதுதான் வெளியே அய்யாத்துரை மேஸ்திரி, மூட்டை தூக்குகிற தவசிமுத்துவின் தொடையில் கொக்கியை இறக்கினான். முதலில் ரோஜா வாசனை வந்தது, அதற்குப் பிறகு அலறல். இன்றைக்கும் எனக்கு அந்த இரண்டும் அதே வரிசையில்தான் ஞாபகம் வருகின்றன.

தண்டையார்பேட்டையில் பூண்டும் வெங்காயமும் கப்பலுக்கு அனுப்புகிற கிடங்கு அது. எழுபத்தொன்றாம் வருஷம். அங்கே பேனா பிடிக்கிறவர்கள் மூன்றே பேர். மூட்டைக் கணக்கு எழுதுகிற நான், கப்பல் சீட்டு பார்க்கிற மஜீது, டைப் அடிக்கிற சுப்புராயன். மஜீதின் மச்சான் காஜா மொய்தீன் கப்பலில் சமையல்காரர். அவர் பிரான்ஸிலிருந்து கொண்டுவந்த மை அது. நிறம் என்னவோ சாதாரண நீலம்தான். ஆனால் எழுதினால் காகிதம் ரோஜாவாக மணக்குமாம்.

"முப்பத்தஞ்சு ரூபா லூயிஸு. ஒனக்குன்னுதான் எட்தாந்தேன். ரெண்டு வாரம் எழுதிப் பாரு, புட்ச்சா எடுத்துக்க, இல்லாங்காட்டி குட்த்துடு" என்று சொல்லி முடிப்பதற்குள் அந்த அலறல். ஓடிப்போய் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன்.

மூட்டையைக் குத்தித் தூக்குகிற இரும்புக் கொக்கி, ஒரு சாண் நீளம், துருப்பிடித்தது. தவசிமுத்துவின் தொடையில் அது பாதி உள்ளே இருந்தது. இரண்டு மூட்டையை ஒரே நடையில் தூக்கமாட்டேன் என்று அவன் சொல்லியிருக்கிறான், அவ்வளவுதான். அய்யாத்துரை கொக்கியை நேராக உருவவில்லை, மீனின் வாயிலிருந்து தூண்டிலைக் கழற்றுகிற மாதிரி திருகி எடுத்தான். சதை கூடவே வந்தது. சுற்றி இருபது ஆட்கள் நின்றார்கள். ஒருத்தன் வாயைத் திறக்கவில்லை. நானும்தான்.

பிறகு அய்யாத்துரை உள்ளே வந்தான். கொக்கியைச் சாக்கில் துடைத்துக்கொண்டே, "எய்துபா. மூட்ட சரிஞ்சி வுழுந்துச்சி" என்றான். விபத்துப் பதிவேட்டில் ஆபீஸ் மையால் அப்படியே எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் அழகாக எழுதினேன். நான் அப்படிப்பட்ட ஆள்.

வீட்டில் மையைப் பரீட்சை செய்தேன். எனக்கிருந்த ஒரே ஆடம்பரம், கெட்டி ரப்பரில் செய்த ஒரு கருப்பு எபனைட் பேனா. அதை வெந்நீரில் கழுவிக் காயவைத்து இந்த மையை நிரப்பினேன். மட்டமான காகிதத்தில்கூடக் கோடு பிசிறவில்லை. நிப்பை ஒரே இடத்தில் வைத்து இருபது எண்ணினேன், புள்ளி பரவவில்லை. பின்பக்கம் தெரியவில்லை. ஒரு சொட்டு தண்ணீர் விட்டால் மட்டும் கொஞ்சம் கலங்கியது. என் சந்தேகமெல்லாம் வாசனை மேல்தான். நாலு நாள் நிற்காவிட்டால் அந்த விலை அநியாயம்.

என் பெண்டாட்டி ஹில்டா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "மைக்கு இன்னாத்துக்குயா வாசன? படிக்கிறவன் கண்ணால படிப்பானா, மூக்கால படிப்பானா?"

ஐந்தாம் நாள் தவசிமுத்துவுக்குத் தாடை பூட்டிக்கொண்டது. உடம்பு வில்லாக வளைந்து, ஆறாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே செத்தான். மூலக்கொத்தளத்தில் புதைத்தோம். அவன் பெண்டாட்டி செல்லக்கனி மண்ணில் அறைந்து அழுதுகொண்டிருந்தவள், என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டாள்.

"நீதான எழுதுன? சொல்லுண்ணே. மூட்டையா வுழுந்துச்சி?"

நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சீ, என்ன மனுஷன் நான் என்று அப்போதுதான் முதல்முறையாக எனக்குத் தோன்றியது.

அன்று சாயங்காலமே முதலாளிக்கு மொட்டைக் கடிதம் எழுதினேன். கண்ணால் கண்டது அத்தனையும். கையெழுத்து தெரியக்கூடாதென்று இடது கையால், ஒவ்வொரு எழுத்தாக. காகிதம் புதிதாக வாங்கியது. நான் குடியிருக்கிற ராயபுரத்தில் போடாமல் பாரீஸ் கார்னருக்கு பஸ் ஏறிப்போய் அங்கே தபால் பெட்டியில் போட்டேன். பெரிய மூளைக்காரன் என்று என்னையே மெச்சிக்கொண்டு திரும்பினேன். பேனாவைக் கழுவி மையை மாற்றவேண்டும் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை. அந்த ஆறேழு நாளில் அந்த வாசனை என் மூக்குக்குப் பழகிவிட்டிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு முதலாளியின் கார் டிரைவர் வந்து அய்யாத்துரையிடம் என் கடிதம் இருந்த கவரைக் கொடுத்துவிட்டுப் போனான். முதலாளிக்குச் சரக்கு நேரத்துக்குக் கப்பல் ஏறவேண்டும், அதற்கு மேஸ்திரி வேண்டும். செத்தவன் வேண்டாம்.

அய்யாத்துரைக்குப் படிக்கத் தெரியாது, என்ன எழுதியிருக்கிறது என்று டிரைவர்தான் சொல்லியிருந்தான். நான் தடுப்புக்குப் பின்னால் பழைய ரசீது தேடிக்கொண்டிருந்தேன். இடுக்கு வழியாகப் பார்த்தபோது அவன் கடிதத்தை முகத்தில் வைத்து மூச்சை இழுத்தான். எழுதி ஒரு வாரமாகியிருந்தது. வாசனை நிற்குமா என்ற என் சந்தேகம் அவன் முகத்தைப் பார்த்ததும் தீர்ந்துபோனது.

"எய்துறவன் அல்லாரும் கைய நீட்டுங்கடா" என்றான்.

சுப்புராயனைத்தான் முதலில் பிடித்தான். அவர் விரலிலிருந்த மூக்குப்பொடி நெடி தாங்காமல் அய்யாத்துரை தும்மினான். காலையில் வீட்டில் பேனாவுக்கு மை நிரப்பிய வாசனை என் விரலில் இருந்தது. அந்த ஒரு தும்மல் நேரம் எனக்குக் கிடைத்தது. காலடியில் கிழிந்து கிடந்த மூட்டையிலிருந்து நாலு பல் பூண்டை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து நசுக்கினேன். விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக்கொண்டு வெளியே வந்து கையை நீட்டினேன். அவன் முகத்தைச் சுளித்துத் தள்ளிவிட்டான்.

மஜீது அப்போதுதான் ஜும்மா தொழுகை முடித்துத் திரும்பியிருந்தான். வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சட்டை, புறங்கையில் குலாப் அத்தர், அதே ரோஜா வாசனை.

அய்யாத்துரை அந்தக் கையை விடவில்லை. இழுத்துவந்து என் மேசையில், விரிந்திருந்த என் பேரேட்டின் மேல் வைத்து அமுக்கினான்.

"அத்தரு மேஸ்திரி. வெள்ளிக்கெழம போட்டுகினுதான் வருவேன்."

"அப்ப எவன் எய்தினது? சொல்லு. மை வாசன எவனுது?"

மஜீது தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். அந்தக் குப்பி யாரிடம் இருக்கிறது என்று அந்தக் கிடங்கில் அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நான் வாயைத் திறந்திருக்கலாம். நிறைய நேரம் இருந்தது. அவன் அவ்வளவு நேரம் பார்த்தான்.

"எனக்குத் தெரியாது" என்றான், என்னைப் பார்த்துக்கொண்டே.

கொக்கி இறங்கிய சத்தம் மரத்தில் கேட்டது. கை வழியாகப் போய், பேரேட்டின் அறுபது பக்கத்தைத் துளைத்து, மேசையில் நின்றது. பிறகு அதையும் திருகித்தான் எடுத்தான். அந்தப் பேரேட்டில்தான் நான் வருஷக் கடைசிவரைக்கும் கணக்கு எழுதினேன், ஓட்டையைச் சுற்றி.

வண்ணாரப்பேட்டையில் மஜீதின் வீட்டுக்குப் போக எனக்கு ஒன்பது நாள் ஆனது. கதவைத் திறந்த அவன் பெண்டாட்டி பதுருன்னிசா, "வாங்கண்ணே, ஒங்களத்தான் கேட்டுகினே இருந்தாரு" என்று நாற்காலி போட்டாள். ரோஜா மணந்த ஏதோ ஒரு கடிதத்துக்காகத்தான் புருஷன் கை போனது என்பது அவளுக்குத் தெரியும், அதை எழுதியது யார் என்று தெரியாது. மஜீது கட்டிலில் உட்கார்ந்திருந்தான். வலது கை கட்டுக்குள் இருந்தது. கட்டுக்கு வெளியே தெரிந்த இரண்டு விரலும் அசையவில்லை. நான் குப்பியைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"இன்னா மாமு, ரெண்டு வாரம் தாண்டிச்சே. மை தேறுமா?" என்றான்.

முப்பத்தைந்து ரூபாயை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். அவன் அதைத் தொடவில்லை.

"லீவு லெட்டர் குடுக்கணும். இந்தக் கையால முடியல. நீ எய்து."

"காரணம் இன்னான்னு போட?"

"ஒனக்குத் தெரியாததா? மூட்ட சரிஞ்சி வுழுந்துச்சின்னு போடு. வேல போச்சுன்னா இவுளுங்களுக்கு எவன் சோறு போடுவான்?"

பேனாவைத் திறந்தேன். அதில் அந்த மைதான் இருந்தது. 'மூட்டை' வரைக்கும் எழுதிவிட்டேன், அதற்குமேல் கை ஓடவில்லை. நிப்பு ஒரே இடத்தில் நின்றது. நல்ல மைதான், புள்ளி பரவவில்லை. டீ டம்ளரோடு வந்த பதுருன்னிசா கதவருகிலேயே நின்றாள். மூச்சை ஒருமுறை இழுத்தாள். காகிதத்தைப் பார்த்தாள், புருஷனின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள், பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் விரல்களை நோக்கிக் குனிந்தாள்.